அளவுச் சட்டை கொடுத்தால் போதாதா?

ஆசிரியர் அவர்கட்கு,

கிளிநொச்சியில் முப்பத்தைந்து வருடமாகத் தைத்துச் சீவிக்கிறவள் நான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தால் கொஞ்சம் குறையும். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பேப்பர் வந்தால் முதலில் மரண அறிவித்தல், பிறகு தங்க விலை, அதற்குப் பிறகுதான் வாசகர் கடிதம் என்று பார்க்கிற ஆள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

உடுப்புக் கடையில் கமராவால் உடம்பளவு எடுக்கப்போய் என் தங்கச்சியின் மகளுக்கு நடந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளையின் பெயரை எழுதவில்லை, அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கடையின் பெயரையும் எழுதவில்லை. முதலாளியும் அங்கே வேலை செய்கிற பிள்ளைகளும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கடையில் இருப்பது நாளைக்குப் பத்துக் கடையில் இருக்கும். ஒரு கடையைத் திட்டி என்ன பிரயோசனம்?

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு ஏ9 வீதியோரமாக இருக்கிற ஒரு பெரிய உடுப்புக் கடைக்குப் போனாள். பிள்ளைக்குப் பத்தொன்பது வயது, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்ல நெட்டை. ரெடிமேட் எடுத்தால் தோள் சரியென்றால் இடுப்பு தொளதொளக்கும், இடுப்பு சரியென்றால் கை ஏறாது. கடை வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்களாம்: உங்கள் உடம்புக்கே அளவான பஞ்சாபி உடுப்பு, மூன்று நிமிடத்தில் அளவு, நாடா தேவையில்லை. வீட்டுக்குள் ஒரு தையல்காரி இருக்க அங்கே ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன்னம் என் மேசையில் எவ்வளவு துணி குவிந்து கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உடுப்பு மாற்றும் அறைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகை அடித்து ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்னால் ஒரு ஸ்டாண்டில் ரப்லட் கணினி. அளவெடுக்க நின்றது இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன். போட்டிருந்த பஞ்சாபி தொளதொளப்பு, அதோடு நின்றால் மெசினுக்கு அளவு பிடிபடாது என்று சொல்லி, உடம்போடு ஒட்டுகிற கறுப்பு ரீசேட்டும் கால்சட்டையும் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னான். கொண்டையைத் தூக்கிக் கட்டு, செருப்பைக் கழற்று, தரையில் ஒட்டியிருக்கிற கால் அடையாளத்தில் நில், கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலத்திப் பிடி. முன்னுக்கு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அவ்வளவுதான். உண்மையாகவே மூன்று நிமிடம்தான்.

பிறகு திரையில் ஒரு சாம்பல் நிறப் பொம்மை வந்தது. தலை இல்லை, உடம்பு மட்டும். அது தன்பாட்டில் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த ரப்லட்டுக்கு நேர் எதிரே காசு கட்டுகிற மேசை, அங்கே நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். "எல்லாரும் பாக்கத்தக்கதாச் சுத்திச்சுது அக்கா, எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை" என்றாள் தங்கச்சி. பிள்ளை அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் இருந்து பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியம்மா, அந்தப் படம் இப்ப எங்க இருக்கும்?"

எனக்கு மறுமொழி தெரியவில்லை. ஆகவே அடுத்த நாள் கடைக்குப் போனேன். துணைக்கு என் அண்ணனின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன், அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறவன். முகாமையாளர் மரியாதையாகத்தான் கதைத்தார். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். "அக்கா, அது படமே இல்லை, வெறும் அளவுதான்" என்றார். சரி, ரப்லட்டைத் திறந்து காட்டுங்கோ தம்பி என்றேன். திறந்தார்.

முகம் தெரியத்தக்கதாக இரண்டு படமும் இருந்தன. எங்கள் பிள்ளையின் படம் மட்டும் இல்லை. அதற்கு மேலே வரிசை வரிசையாக ஊர்ப் பெண்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் கண்ணை எடுத்துவிட்டேன். முகாமையாளருக்கே முகம் மாறிவிட்டது. அளவு எடுத்ததும் படம் தானாகவே அழிந்துவிடும் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். உடனே எங்கள் பிள்ளையின் படங்களை அழித்தார். மருமகன் விடவில்லை. அழித்தவை போய்ச் சேருகிற பெட்டியைத் திறக்கச் சொன்னான். அங்கே அப்படியே கிடந்தன. போனில் படத்தை அழித்தால் அது ஒரு மாதமளவு அந்தக் குப்பைக் கூடையில் கிடக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதை வாசிக்கிறவர்களும் ஒருதரம் உங்கள் உங்கள் போனில் பாருங்கள்.

அங்கேயும் அழித்தாயிற்று. பிறகு அவன் கேட்டான், அந்தச் சாம்பல் பொம்மை இந்த ரப்லட்டுக்குள்ளேயா செய்யப்பட்டது, அல்லது படம் வெளியே எங்காவது போய்ப் பொம்மையாகத் திரும்பி வந்ததா என்று. முகாமையாளருக்குத் தெரியவில்லை. மாதவாடகைக்கு ஒரு கொம்பனி தந்த மென்பொருள், இன்ரநெற் இல்லாவிட்டால் வேலை செய்யாது என்றார். அப்படியென்றால் படம் வெளியே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம் என்றான் மருமகன். எந்த நாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, வேறு யாருக்கும் கொடுப்பார்களா? கேட்டுச் சொல்கிறேன் என்றார். ரப்லட்டின் கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நாலு. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

சம்மதம் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கிறது, மெசின் கேட்கிறது. ஆங்கிலத்தில், எறும்பு எறும்பாக ஒரு பக்கம். அதன் கீழே ஒரு பொத்தான். வாடிக்கையாளரை மினக்கெடுத்தக்கூடாது என்று அதைப் பெடியனே அமத்திவிடுகிறான். ஆக, என் தங்கச்சி மகளின் உடம்புக்குச் சம்மதம் கொடுத்தது அந்தப் பெடியனின் பெருவிரல்.

இந்த ஸ்கான் சங்கதி உலகத்துக்குப் புதிதில்லை என்று மருமகன் சொன்னான். என் மேசையிலேயே தையல் சோக்கால் கீறிக் காட்டினான். கடைகளுக்கு வந்தவை பொதுவாக மூன்று விதம். ஒன்று இந்தக் கடையில் இருக்கிற மாதிரி, சாதாரண கமராவில் முன்னும் பக்கமும் படம் எடுத்து அளவைக் கணக்கிடுவது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை உடம்பில் புள்ளி புள்ளியாக விழுத்தி, அது திரும்பி வருவதை வைத்து வளைவு நெளிவைப் பிடிப்பது. மூன்றாவது மில்லிமீற்றர் அலை. அது விமான நிலையங்களில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கண்ணாடிக் கூண்டில் இருப்பது. அமெரிக்காவில் பெரிய கடைத்தொகுதிகளில் இந்த அலையால் அளவு எடுக்கிற கூண்டுகளை முன்பு வைத்திருந்தார்களாம். அந்த அலை துணியைத் தாண்டிப் போய்த் தோலில் பட்டுத் திரும்பும், அதனால் உடுப்பை மாற்றத் தேவையில்லை. ஜப்பானில் 2018இல் ஒரு இணையக் கடை வெள்ளைப் புள்ளி வைத்த கறுப்பு உடுப்பொன்றை வீட்டுக்கே அனுப்பி, அதைப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் சுற்றச் சொன்னது. இந்தியாவில் சென்னை உட்பட ஆறு நகரங்களில் 25,000க்கு மேற்பட்டவர்களை இப்படி ஸ்கான் செய்து, இந்தியர்களுக்கென்று தனி அளவுப் பட்டியல் போடுகிற வேலையை நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் கையில் எடுத்தது.

அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே கார்மென்ற் பிள்ளைகள் நாள் முழுக்கத் தைப்பது வெள்ளைக்காரரின் எஸ்ஸும் எம்மும் எல்லும்தான். அது எங்கள் தோளுக்குச் சரிவராது என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து தங்கள் உடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டு போகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் ஊருக்குள் வேண்டாத கதைகளும் உலாவுகின்றன. என்னிடம் நெடுநாளாகத் தைக்கிற ஒரு தங்கச்சி, விசுவமடுப் பக்கம். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் சண்டைக் காலத்துச் செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது, எடுத்தால் ஆபத்து என்று டொக்ரர்மார் விட்டுவிட்டார்கள். இப்படி உடம்புக்குள் இரும்போடு திரிகிறவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவள் கேட்டாள், "அக்கா, அந்த மெசினில நிண்டால் உள்ளுக்கு இருக்கிறது சூடாகுமோ?"

ஆகாது. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள், அங்கே இருப்பது பெரிய காந்தம். அங்கே இதை மறைக்கவே கூடாது. கடையில் இருப்பது கமராவும் வெளிச்சமும். படம் எடுப்பதால் வருகிற கெடுதியை விட அதில் வேறு கெடுதி கிடையாது. மில்லிமீற்றர் அலைகூடத் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும், ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குக்கூடப் போகாது. எக்ஸ்ரே மாதிரி உடம்புக்குள் ஊடுருவுகிற கதிர் அதில் இல்லை. எக்ஸ்ரேயை வைத்து ஆளை ஸ்கான் பண்ணுகிற மெசின்களும் விமான நிலையங்களில் இருந்தனதான். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை வேண்டாம் என்றது. அமெரிக்காவில் 2013இல் எடுத்துவிட்டார்கள், அங்கே சொன்ன காரணம் கதிரைப் பற்றியது இல்லை, உடம்பை அப்படியே காட்டாமல் பொதுவான ஒரு உருவமாகக் காட்டுகிற மென்பொருளை அந்த மெசினுக்குக் குறித்த காலத்தில் செய்து முடிக்க முடியவில்லை என்பதுதான். ஆகவே கர்ப்பிணிகள் நின்றால் பிள்ளைக்கு ஆகாது, மெசின் இரத்தத்தை உறிஞ்சும் என்றெல்லாம் சந்தையில் கதைக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பொய்யான பயம் ஒன்றைப் பரப்பினால் உண்மையான பயத்தையும் ஒருவரும் காதில் போடமாட்டார்கள்.

உண்மையான பயம் அந்தக் குப்பைக் கூடையில் இருக்கிறது. சேமிக்கமாட்டோம் என்று சொல்லிச் சேமித்த கதை எங்கள் ஊரில் தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஒரு நீதிமன்ற வாசலில் இருந்த மில்லிமீற்றர் அலை மெசினில், வந்து போன ஆட்களின் படங்கள் 35,000க்கு மேல் சேர்ந்து கிடந்தது 2010இல் வெளியே வந்தது. ஒருவரும் களவுக்காகச் சேர்க்கவில்லை. மெசினுக்குச் சேர்க்கத் தெரியும், அது சேர்த்தது. அரசாங்கத்தின் மெசினுக்கே அந்தக் கதி என்றால், கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நாலு போட்ட எங்கள் கடைக்கு என்ன கதி?

அளவு என்றால் வெறும் இலக்கம்தானே, இதில் என்ன இரகசியம் என்று அந்த முகாமையாளர் கேட்டார். முப்பத்தைந்து வருடம் இலக்கத்தோடு இருந்தவள் என்றபடியால் இதற்கு நான்தான் மறுமொழி சொல்லவேண்டும்.

எனக்குத் தையல் பழக்கியவர் மாதர் சங்கத்தில் வகுப்பெடுத்த ஒரு ரீச்சர். முதல் நாள் நாடாவைக் கையில் தந்தபோதே சொன்னார், அளவை வாய்விட்டுச் சொல்லாதே, கொப்பியில் எழுது. பெரிய ஊர்களில் தையல் கடையில் மாஸ்டர் உரத்துச் சொல்ல உதவியாள் எழுதுவான், பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். எங்கள் ரீச்சரிடம் அது நடக்காது. திரைச்சீலைக்குப் பின்னால், உடுத்திருக்கிற உடுப்புக்கு மேலால், நாடாவை இறுக்காமல் வைத்து, பார்த்து, எழுதவேண்டும். கொப்பியில் பெயர் எழுதுவதும் இல்லை. கிணற்றடி வீடு, தபால்காரரின் மூத்தவள், சின்ன மூக்குத்தி என்று எனக்கு மட்டும் விளங்குகிற ஒரு குறிப்பு. கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் இலக்கம் இருக்கும், ஆள் இருக்காது. மருமகன் இதைக் கேட்டுவிட்டு, பெரிய கொம்பனிகள் காசு கொட்டிச் செய்கிற வேலையை மாமி சும்மா செய்திருக்கிறா என்று சிரித்தான்.

ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் தாய் என்னிடம் சாறிச் சட்டை தைக்கிற சாட்டில் வந்து, இன்ன வீட்டுப் பெட்டைக்கு ஒரு தோள் பதிவாமே, உண்மையா என்று கேட்டா. உண்மைதான். அரை இஞ்சி பதிவு, நான் சட்டைக்கு உள்ளே ஒரு மடிப்பு வைத்து வெளியே தெரியாமல் சமப்படுத்தித்தான் கொடுப்பேன். எனக்கு மறதி கூடிப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை இப்போது மூன்று பிள்ளைக்குத் தாய். கடையின் ரப்லட் அந்த இடத்தில் என்ன செய்திருக்கும்? சுற்றிச் சுற்றிக் காட்டியிருக்கும்.

2008 கடைசியில் சண்டையால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது சிங்கர் மெசினை உழவு இயந்திரத்தில் ஏற்றி விசுவமடு வரை கொண்டுபோனேன். அங்கே அதை விட்டுவிட்டேன். கொப்பியை விடவில்லை, சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். அடுத்த வருடம் மே மாதம், சண்டை முடிகிற நேரம், வட்டுவாகலால் வரும்போது அதுவும் நனைந்து மை கரைந்து, ஒன்றும் வாசிக்க முடியாமல் போயிற்று. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்து, கடன்பட்டு ஒரு பழைய மெசின் வாங்கி மறுபடி தொடங்கியபோது பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொப்பி இருந்திருந்தாலும் உதவியிராது. ஒருவருடைய அளவும் பழைய அளவு இல்லை. ஒரு கை இல்லாதவர்கள் வந்தார்கள். செயற்கைக்கால் போட்டபடியால் இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்தவர்கள் வந்தார்கள். மார்பில் காயம் ஆறிக் குழி விழுந்தவர்களும் வந்தார்கள், உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லி, அதைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் கையால் காட்டிச் சொன்னவர்கள். இவர்களுடைய உடம்பை ஒரு சாம்பல் பொம்மையாக்கி, காசு கட்டுகிற வரிசைக்கு முன்னால் சுற்றவிடுவதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கையை விலத்திப் பிடித்துக்கொண்டு நில் என்று அந்தக் கடையில் சொல்லுகிறார்களே, அந்த நிலை எங்களுக்குப் புதிதில்லை. ஓமந்தை ஆமிச் சோதனைச் சாவடியில் நின்ற நிலை அது. துணி மறைப்புக்குள் போய்ச் செருப்பைக் கழற்றி, கையை விரித்து நின்றால், ஒரு பெண் மேலிருந்து கீழ் தடவிப் பார்ப்பாள். பாஷை தெரியாது, முகத்தைப் பார்க்கமாட்டாள். முகாமிலும் பதிவு, படம், பிறகு வீட்டுக்கு வந்தபின்னும் குடும்பத்தோடு நிறுத்திப் படம். அந்தப் படங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கும் ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அப்போது கேட்க முடியாது, கேட்கவில்லை. இப்போது ஒரு பஞ்சாபிக்காக அதே மாதிரி நிற்கிறோம், கேட்க முடிந்த இடத்திலும் பழக்கதோஷத்தில் கேட்காமல் வந்துவிடுகிறோம். என் தங்கச்சி மகளுக்கு ஓமந்தை தெரியாது. அதனால்தான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதியபடியால் மெசினைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். இதைப் பற்றி என்னிடம் வருகிறவர்களோடு கதைத்தபோது ஒருத்தி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. "தொடாமல் அளக்கிறது எனக்கு நல்லம் அக்கா. நீங்கள் எண்டால் பரவாயில்லை, வேற ஆக்கள் நாடாவோட கிட்ட வந்தாலே உடம்பு நடுங்கும்." ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல மெசின், கதவு பூட்டிய அறைக்குள், பெண் ஒருத்தி பொறுப்பாக நிற்க, உதவியாகத்தான் இருக்கும்.

ஆனால் தொடாமல் அளக்கிற வித்தை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே! அளவுச் சட்டை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டால் காணும். ஆள் வரவே தேவையில்லை. கனடாவில் இருக்கிற பிள்ளைகள்கூடத் தாய்மாரிடம் அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டு என்னிடம் தைப்பித்து எடுக்கிறார்கள். சட்டையை மேசையில் விரித்து நாடாவை அதன்மேல் வைத்தால் தோள், மார்பு, கைச்சுற்று, கழுத்து ஆழம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. வேலை முடிந்ததும் சட்டை வீட்டுக்குப் போய்விடும். எந்த நாட்டு மெசினிலும் கிடக்காது. இந்தக் கடைக்கு அளவுச் சட்டை கொண்டுபோனால் எடுக்கமாட்டார்களாம், ஸ்கான் செய்தால்தான் சலுகை விலை. எனக்குச் சரியான கோபம் வந்தது அந்த இடத்தில்தான். துணி விற்கிறவருக்கு அளவு போதாதா, உடம்பின் படமும் ஏன் வேண்டும்?

சட்டம் இருக்கிறதா என்று மருமகனிடம் கேட்டேன். இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். எங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க, கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்க, அழிக்கச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. பிள்ளைகளைப் பற்றிய தரவை விசேடமாகக் காக்கவேண்டிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆளை அடையாளம் காண்பதற்கு எடுக்கிற உடல் தரவையும் அப்படியே. உடுப்பு அளவுக்கு எடுத்த படம் அந்த வகையில் வருமா என்பதில் கொம்பனி வழக்கறிஞர் ஒருவர் மணித்தியாலக் கணக்கில் வாதாடலாம், அடையாளம் காண எடுக்கவில்லை அளவுக்குத்தான் எடுத்தோம் என்று. முகம் தெரிகிற படத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் கூசவேண்டும். இன்னும் ஒரு சங்கடம், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கியமான பகுதிகளைப் பின்போட்டார்கள். கொழும்பு தன் வேகத்தில் வரட்டும்.

அதுவரைக்கும் இங்கே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளிப் பிரதேச சபைகளில் இருக்கிற பெண் உறுப்பினர்கள் இதைச் சபையில் ஒருதரம் எடுத்துக் கதைக்கலாம். வர்த்தகர் சங்கங்கள் தாங்களாகவே முடிவெடுக்கலாம். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க ஒரு சதம்கூடச் செலவில்லை. சம்மதப் பத்திரத்தைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சடிக்க ஐம்பது ரூபாய் போகுமா? அந்தப் பொத்தானை அமத்தவேண்டியது ஸ்கானுக்கு நிற்கிறவரின் விரல், பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் தாயோ தகப்பனோ. அளவை எழுதி எடுத்ததும் அவர் கண்ணுக்கு முன்னாலேயே படத்தை அழிக்கவேண்டும், கூடையிலும் சேர்த்து. படம் வெளியே போகிறதென்றால் எங்கே போகிறது என்று பதாகையிலேயே போடுங்கள், மூன்று நிமிடம் என்று பெரிதாகப் போடத் தெரிகிறதுதானே. நாடாவுக்கும் அளவுச் சட்டைக்கும் அதே விலை இருக்கட்டும்.

தாய்மாருக்கும் ஒன்று. கடையில் நிற்கிற பிள்ளை "அக்கா நில்லுங்கோ" என்றவுடன் நின்றுவிடாதீர்கள். எனக்கு விருப்பமில்லை, நாடாவால் அளவெடுங்கோ என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றும் நடக்காது, நாடாவை எடுப்பார்கள். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் 1938க்கு எடுங்கள், அது பெண்களுக்கான உதவி இலக்கம். சின்னப் பிள்ளைகள் என்றால் 1929.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010க்குப் பிறகு எழுதிய அளவுக் கொப்பிகள் ஆறு என்னிடம் இருக்கின்றன, றங்குப்பெட்டிக்குள் பூட்டி. இந்தக் கதைக்குப் பிறகு அவற்றை எடுத்துப் பார்த்தேன். ஊரை விட்டுப் போனவர்கள், செத்துப் போனவர்கள், பத்து வருடமாக வராதவர்கள் என்று பாதிக்கு மேல் தேவையில்லாத பக்கங்கள். நானும்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அவற்றைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மிச்சத்தில் இருக்கிறவர்கள் யாரும் தங்கள் பக்கம் வேண்டுமென்றால் வந்து கேட்கலாம், கிழித்துத் தருவேன்.

பஞ்சாபி தீபாவளிக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது. தோள் நன்றாகப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கை அரை இஞ்சி கூட. நான் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன், பிள்ளை இன்னும் போடவில்லை. படம் எந்த நாட்டுக்குப் போனது என்று கொம்பனியிடம் கேட்டு ஒரு கிழமைக்குள் சொல்வதாக முகாமையாளர் சொல்லியிருந்தார். இன்றைக்குப் பத்தொன்பது நாள். நேற்றும் போன் எடுத்தேன், கொம்பனியிடமிருந்து இன்னும் மறுமொழி இல்லையாம். வந்தால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
கிளிநொச்சி.